பார்த்த குழந்தை

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. குழந்தை செய்யும் எதையும் கற்பனையில் எழுதக் கூடாது.

ஒத்திகைக் குழந்தை அழுகிறது என்று எழுதினால், பக்கத்துக் கட்டத்தில் விவரம் வேண்டும். அந்தக் கட்டத்துக்குப் பெயர் 'பார்த்த குழந்தை'. யார் வீட்டுக் குழந்தை, எத்தனை மாதம், எங்கே பார்த்தது. வயதை நாங்கள் வருடத்தில் சொல்வதில்லை. முப்பத்தாறு மாதக் குழந்தையும் நாற்பத்தேழு மாதக் குழந்தையும் ஊருக்கு மூன்று வயதுதான். எங்களுக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள்.

என் கட்டங்களில் எப்போதும் ஒரே பதில் இருக்கும். 'எதிர்வீட்டுக் குழந்தை. 38 மாதம். மாடிப்படி.'

எதிர்வீட்டில் குழந்தை கிடையாது.

"தரணி, இங்க வாங்க. உங்க புள்ள கவிதை சொல்லுது."

கூப்பிட்டவர் பெனசீர். எழுதியதைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. முன்பு உக்கடத்தில் பால்வாடி டீச்சர். இரட்டைப் பையன்களுக்கு அம்மா. என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவருக்கு ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் எழுத வராது. ஆனால் பார்க்கத் தெரியும்.

திரையில் நான் எழுதிய வரியைச் சத்தமாகப் படித்தார். "'அம்மா நட்சத்திரமா ஆயிட்டாங்க. நான் தூங்கறப்ப என்னப் பாத்துட்டே இருப்பாங்க.' எந்தப் புள்ள சொல்லுச்சு இதை?"

"எதிர்வீட்டுக் குழந்தை."

"முப்பத்தெட்டு மாசத்துல?"

"ஆமா."

"என் வீட்ல ரெண்டு உருப்படி இருக்கு. நாப்பத்தோரு மாசம். எங்க மாமனார் மௌத்தானப்ப தாத்தா எங்கன்னு கேட்டானுங்க. செத்துட்டாருடான்னேன். சரி, செத்து முடிச்சுட்டு எப்ப வருவாருன்னு கேக்கறான் பெரியவன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் உதட்டை விரித்தேன்.

"அடுத்தது இதைப் பாருங்க. 'ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தயிர்ச்சோற்றை இரண்டு தடவை ஊதி, மேலுதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறது.' ஏங்க, சுடுசோத்த ஊதும். சில்லுனு இருக்கறத எந்தப் புள்ளையாவது ஊதுமா?"

"தெரியல."

"தெரியலன்னா எழுதக் கூடாது தரணி."

இரண்டு வரிகளையும் சிவப்பில் வட்டமிட்டார். நட்சத்திரத்தை நான் எதற்கு எழுதினேன் என்று எனக்குத் தெரியும். தயிர்ச்சோறு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுதும்போது கை எழுதியது.

சட்டம் வந்து ஆறு வருடம் ஆகிறது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் முதலில் ஆறு மாதம் ஒத்திகைக் குழந்தையை வளர்க்க வேண்டும். உடம்பு வேறு ஊரில் செய்யப்பட்டு வரும். பதினான்கு கிலோ, தோலில் சூடு, காய்ச்சல்கூட வரும். உள்ளே இருப்பதை நாங்கள் எழுதுகிறோம். அது அடம்பிடிக்கும், கடிக்கும், வாந்தி எடுக்கும். ஆறு மாதம் தாங்குகிறவர்களுக்கு நிஜக் குழந்தை கிடைக்கும்.

முதல் வருடம் வந்த ஒத்திகைக் குழந்தைகளைக் கதை எழுதுகிறவர்கள் எழுதினார்கள். எல்லாம் கெட்டிக்காரக் குழந்தைகள். மழலையில் தத்துவம் பேசும். அழுதால் முத்தம் கொடுத்ததும் நிற்கும். அவற்றை வளர்த்துத் தேறியவர்கள் நிஜக் குழந்தையை வாங்கிப் போய் ஒரு மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். பதினோரு குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டம் வந்தது.

என் பிரிவு, அம்மாவை இழந்த குழந்தைகள். நானே கேட்டு வாங்கியது.

என் மனைவி வைசாலி இறந்து பதினாறு மாதம். மூளைக்காய்ச்சல். நான்கு நாள்.

எங்கள் மகள் மகதிக்கு அப்போது இருபத்திரண்டு மாதம். வைசாலியின் தங்கை அபிநயா பொள்ளாச்சியில் இருக்கிறாள். குழந்தையை அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி ஒன்றேகால் மணி நேரம். முதல் மாதத்தில் ஒரு தடவை போனேன். கதவைத் திறந்ததும் மகதி ஓடி வந்தாள். என்னைத் தாண்டிப் போய் வாசலில் நின்று எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். செருப்பைக் கழற்றாமல் திரும்பி வந்துவிட்டேன். பிறகு போகவில்லை.

இப்போது அபிநயாவும் அவள் கணவன் கவினும் மகதியைத் தத்தெடுக்க மனு போட்டிருக்கிறார்கள். உறவினர்களுக்கு ஒத்திகை தேவையில்லை. அப்பாவின் கையெழுத்துப் போதும். அந்தத் தாள் என் பையில் பத்து நாளாக இருந்தது. போடக் கூடாது என்றும் நினைக்கவில்லை. போடவும் இல்லை.

புதன்கிழமை அபிநயா போன் செய்தாள்.

"மாமா, பேப்பர் வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"திங்கக்கிழம பதினோரு மணிக்குப் பதிவு ஆபீஸ்ல குடுக்கோணும். தபால்ல அனுப்புனாலும் போதுமாமா, வக்கீல் சொன்னாரு."

"சரி."

"ஒருக்கா வந்து புள்ளையப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்களேன்."

"பரவாயில்லம்மா. நீ நல்லாப் பாத்துக்குவ."

பின்னால் குக்கர் விசில் கேட்டது. "பாத்துக்குவேன் மாமா. அதுக்காகச் சொல்லல," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் திருப்பூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பூபதியும் அவர் மனைவி சங்கீதாவும். ஒத்திகையில் நல்ல மதிப்பெண்ணுடன் தேறியவர்கள். மூன்று வாரம் முன்பு நாற்பது மாதப் பையன் ஒருவனை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவன் பெயர் முகில். முந்தின நாள் அவனைக் குழந்தைகள் இல்லத்தில் திருப்பி விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

திருப்பி விடுகிறவர்களை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். எழுதியவரும் கூட இருக்க வேண்டும். அவர்களிடம் ஆறு மாதம் இருந்தது என் தாள்களிலிருந்து போன குழந்தை. பாரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எங்க பாரி இப்படி இல்லீங்க," என்றார் சங்கீதா. கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "அவன் அழுவான். இல்லீங்கல. ஆனா அஞ்சு நிமிசம். அப்புறம் வந்து மடியில படுத்துக்குவான். அம்மா எங்க போனாங்கன்னு கேப்பான். நான் சொல்லுவேன். என் கன்னத்தத் தொடுவான்."

"முகில்?" என்று கேட்டார் பெனசீர்.

"கேக்கவே இல்லீங்க. மூணு வாரத்துல ஒரு நாளுகூட அவங்கம்மாவப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. வீட்ல இருக்கற செருப்பை எல்லாம் எடுத்து வரிசையா வெப்பான். ஒண்ணு நகந்தாக் கத்துவான். நானா நகத்துனேன்? பூனை நகத்துச்சு. ஒரு மணி நேரம் கத்தறான். தூக்கப் போனாக் கடிக்கறான்."

பூபதி தன் சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினார். பல் தடம் மஞ்சளாகி இருந்தது.

"அவனுக்கு எங்களப் புடிக்கலீங்க," என்றார் பூபதி. "புடிக்காத எடத்துல வெச்சுக்கறது பாவம்."

"புடிக்காம இல்லண்ணா," என்றார் பெனசீர். "செருப்பு எல்லாம் வரிசையா இருந்தா யாரும் வெளிய போகலன்னு அர்த்தம். அவன் கணக்கு அது."

பூபதி சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு சங்கீதா கேட்டார்: "அப்படின்னா பாரி ஏங்க அப்படி இருந்தான்?"

பெனசீர் என்னைப் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது.

அவர்கள் லிஃப்டில் இறங்கியபின் பெனசீர் திரும்பி வந்தார். அறையில் நாங்கள் இருவர்தான்.

"நேத்து சாயங்காலம் உங்க அபார்ட்மெண்டுக்குப் போயிருந்தேன்," என்றார். "நாலாவது மாடி. எதிர்வீட்ல ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் இருக்காரு. அவரும் ஒரு கிளியும்."

நான் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினேன்.

"கிளிக்கு முப்பத்தெட்டு மாசங்களா?"

"மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்கு? முகில்கிட்டச் சொல்லுங்க." நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார். "உங்க தாளை எல்லாம் எடுத்துப் பாத்தேன். இந்த மாசம் முப்பத்தெட்டு. போன மாசம் முப்பத்தேழு. அதுக்கு முந்தி முப்பத்தாறு. இல்லாத புள்ள மாசாமாசம் சரியா வளருது. உங்க பொண்ணுக்கு எத்தன மாசம் தரணி?"

"முப்பத்தெட்டு."

எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. தன்னால் வந்தது.

பெனசீர் கொஞ்ச நேரம் மேசையைத் துடைப்பதுபோல் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். "எப்பப் பாத்தீங்க?"

"அவளுக்கு இருபத்திமூணு மாசம் இருக்கறப்ப."

"யா அல்லா."

"அவளுக்கு வைசாலியை ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டேன். அதைக் கேட்பேன் என்று நான் நினைக்கவில்லை.

"இருக்காது."

"கொஞ்சம்கூடவா?"

"இருபத்திரண்டு மாசத்துல நடந்தது வார்த்தையா நிக்காது. அந்த வயசுல பேச்சே பாதிதான. பின்னால அவ அம்மாவப் பத்தி ஏதாவது சொன்னா, அது யாராவது சொல்லிக் குடுத்ததா இருக்கும். அதான் உங்க நட்சத்திரத்தச் சுழிச்சேன். அது குழந்தை பேசற பேச்சில்ல. நீங்க கேக்க ஆசப்படற பேச்சு."

"அப்ப எதுவுமே நிக்காதா?"

"அப்படிச் சொல்லல. பேச்சுல நிக்காது. கையில நிக்கும், வாயில நிக்கும். எப்படித் தூக்கினாங்க, எப்படித் தட்டித் தூங்க வெச்சாங்க, அது ஒடம்புக்குத் தெரியும். புள்ளைக்குத் தெரியாது." எழுந்தார். "ஞாயித்துக்கெழம போங்க. நோட்டு எடுத்துட்டுப் போங்க. அப்பாவாப் போக முடியலன்னா எழுதறவராப் போங்க. கட்டத்த நெறச்சுட்டு வாங்க. இல்லன்னா திங்கக்கிழம நான் மேல சொல்ல வேண்டி வரும்."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பொள்ளாச்சியில் இறங்கினேன். பையில் நோட்டு. அதே பையில் அபிநயாவின் தாள். வைசாலியின் ஏதாவது ஒன்று அந்தக் குழந்தையின் கையிலோ வாயிலோ மிச்சம் இருந்தால், அதை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன்.

கவின் தென்னைநார் மில் வைத்திருக்கிறான். வீட்டுக்குப் பின்னாலேயே மில். வாசல் வரை நார்த்தூசி. அவன்தான் கதவைத் திறந்தான். ஒரு நொடி தடுமாறிவிட்டு, "வாங்க சகலை, வாங்க. அபி! யாரு வந்திருக்கறதுன்னு பாரு," என்றான்.

இந்தத் தடவை செருப்பைக் கழற்றினேன்.

மகதி கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முடியை மொட்டையடித்து மீண்டும் வளரவிட்டிருந்தார்கள். முழங்காலில் காய்ந்த காயம். என்னைப் பார்த்தாள். வாசலைப் பார்க்கவில்லை.

"இது யாரு?" என்று அபிநயாவைக் கேட்டாள்.

"உங்க அப்பாடா தங்கம்."

"இல்ல. அப்பா அங்க." கவினைக் காட்டினாள்.

கவின் அவசரமாகச் சொன்னான்: "அவ எல்லாத்தையும் அப்பாங்கறா சகலை. நேத்து நார் ஏத்த வந்த லாரி டிரைவரையும் அப்படித்தான் கூப்புட்டா."

பொய் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நான் நோட்டைத் திறந்தேன்.

9.20. ஒரு துண்டை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். 'நான் இல்ல' என்கிறாள். கால்கள் வெளியே தெரிகின்றன. எங்கே மகதி என்று தேடினால் உள்ளே சிரிக்கிறாள். தான் பார்க்காவிட்டால் நாமும் பார்க்க முடியாது என்று நினைக்கிறாள்.

9.45. கவினின் அம்மா போனில் பேசுகிறார். 'சாப்பிட்டியா?' மகதி பதில் சொல்லாமல் தலையை ஆட்டுகிறாள். மறுபடி கேட்கிறார். மறுபடி ஆட்டுகிறாள். கோபம் வருகிறது.

10.10. கல் ஒன்றைக் கொண்டுவந்து என் நோட்டின் மேல் வைக்கிறாள். 'பாப்பா தூங்குது' என்கிறாள். பக்கத்தைத் திருப்ப விடவில்லை.

அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் எழுதவில்லை. கல்லை எடுக்காமல் பின்பக்கத்தைத் திறந்து எழுதினேன்.

என் எதிர்வீட்டுக் குழந்தை இதில் எதையும் செய்ததில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். மகதிக்கு எனக்குப் பக்கத்தில் தட்டுப் போட்டாள் அபிநயா. அப்பளம் பெரியது. தட்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சாப்பிட வசதியாக இருக்கட்டும் என்று எடுத்து இரண்டாக உடைத்து வைத்தேன்.

அபிநயா, "ஐயோ மாமா," என்றாள்.

மகதி அப்பளத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.

"ஒட்டு! ஒட்டு!"

"வேற தர்றேன் கண்ணு. இந்தா, முழுசு."

"இது வேணாம்! அது! அது முழுசு!"

"அது ஒடஞ்சிருச்சுல்ல?"

"ஒடயக் கூடாது! ஒட்டு!"

தரையில் விழுந்தாள். காலை உதைத்தாள். ரசக் கிண்ணம் கவிழ்ந்தது. நான் எழுதிய எந்தக் குழந்தையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் அழுததில்லை. ஐந்து நிமிடம் முடிந்தபோது அவள் ஆரம்பித்த மாதிரிகூட இல்லை. நான் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினேன். சேர்ந்த இடத்தில் கோடு தெரிந்தது. இன்னும் கத்தினாள்.

"விட்ருங்க மாமா. ஒண்ணும் பண்ணாதீங்க. பக்கத்துல மட்டும் உக்காந்திருங்க," என்றாள் அபிநயா. அவள் ரசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உடைந்ததை ஒட்ட முடியாது என்பது அந்தக் குழந்தைக்கு இன்னும் தெரியாது. ஒட்டக் கூடியவர்கள் ஒட்ட மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதான். நான் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் எதுவும் எழுதவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். இருபத்தேழு நிமிடம்.

பிறகு தானாக நின்றது. விக்கிக்கொண்டே எழுந்து போய் அபிநயாவின் மடியில் உட்கார்ந்தாள். என் மடியில் இல்லை. "அம்மா, தச்சோறு," என்றாள்.

அந்த 'அம்மா' என்னை ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்தேன்.

அபிநயா ஃப்ரிட்ஜிலிருந்து தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். கிண்ணத்தின் வெளியே வேர்த்திருந்தது. எனக்கும் ஒரு தட்டில் போட்டாள். மகதி தானே சாப்பிடுவேன் என்று கிண்ணத்தைப் பிடுங்கினாள். ஒரு கை சோற்றை எடுத்தாள். வாய்க்கு முன்னால் நிறுத்தினாள். ஊதினாள். இன்னொரு தடவை ஊதினாள். மேலுதட்டில் லேசாக வைத்துப் பார்த்தாள். பிறகு வாயில் போட்டாள்.

அடுத்த கையும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அபி."

"என்ன மாமா?"

"சில்லுனு இருக்கறத ஏன் ஊதறா?"

"அது அவ பழக்கம். ஐஸ்கிரீமக்கூட ஊதித்தான் திம்பா. சொன்னாலும் கேக்க மாட்டா."

"உங்க அக்கா பழக்கினது," என்றேன்.

"அக்காவா?" அபிநயா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. "எங்கக்கா எங்க மாமா ஊட்டுனா? காலைல ஆறரைக்குக் கம்பெனி பஸ் ஏறுனா இருட்டித்தான வருவா. புள்ளைக்கு மூணு வாய் குடுக்கறதுக்குள்ள அவளுக்குப் பொறும போயிரும். நீங்கதான் மாமா."

"நானா?"

"பின்ன? பத்தாம் மாசத்துல சுடுபொங்கலக் குடுத்து, நாக்கு பொத்துப் போச்சே. மறந்துட்டீங்களா? அன்னைக்கு நீங்க அழுதீங்களாமா. அதுல இருந்து எதையும் ஊதாமக் குடுத்ததில்ல. ரெண்டு ஊது, அப்புறம் உங்க மேலுதட்டுல வெச்சுப் பாக்கறது. வாழப்பழத்த ஊதுவீங்க. தயிர்ச்சோத்த ஊதுவீங்க. அக்கா போன் பண்ணிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. 'அபி, என் புருசன் இன்னைக்குத் தர்பூசணிய ஊதிட்டாருடி'ன்னு."

கவினும் சிரித்தான். "எங்கிட்டயும் சொல்லியிருக்காங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. பொங்கல் ஞாபகம் இல்லை. தர்பூசணி ஞாபகம் இல்லை. அந்த வீட்டில் வைசாலி எங்கே நின்றாள், எப்படி நின்றாள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருந்தேன். என்னை எங்கேயும் வைக்கவில்லை. என் முகத்தைத் தெரியாத ஒரு குழந்தை, என்னைப் பதினாறு மாதமாக ஒவ்வொரு வாய் சோற்றிலும் செய்துகொண்டிருந்தது.

அவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்து, ஏதாவது செய்யவேண்டி, என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தேன்.

"ஊதல," என்றாள் மகதி.

நிறுத்தினேன்.

"நீ ஊதல. சுடும்."

"சுடாதும்மா. சில்லுனு இருக்கு."

"ஊதணும்!" அபிநயாவிடம் திரும்பினாள். "அம்மா, இந்த மாமா ஊதல."

ஊதினேன். இன்னொரு தடவை ஊதினேன். மேலுதட்டில் வைத்தேன். சில்லென்று இருந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு ஏதோ ஒன்று சில்லென்று இருந்தது. சாப்பிட்டேன். அவள் அடுத்த வாய்க்கும் கவனித்தாள். அதற்கடுத்த வாய்க்கும். நான் ஒழுங்காகச் செய்கிறேன் என்று தெரிந்ததும் என்னை விட்டுவிட்டுத் தன் கிண்ணத்துக்குப் போனாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினேன். மகதி தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் அபிநயா நின்றாள். கேட்க வந்ததைக் கேட்காமல் கதவுத் தாழ்ப்பாளைத் தள்ளித் தள்ளி இழுத்தாள்.

"பேப்பர் கொண்டு வந்தீங்களா மாமா?"

"கொண்டு வந்தேன்."

"போட்டுட்டீங்களா?"

"இல்லம்மா."

தாழ்ப்பாள் சத்தம் நின்றது.

"அவ என்ன அம்மான்னு கூப்புடறா," என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "ராத்திரி எந்திரிச்சா என்னத்தான் தேடறா. நீங்க இன்னைக்கு ஒரு நாள் வந்தீங்க."

"தெரியும்."

"தெரியும்னா?"

"கூட்டிட்டுப் போக மாட்டேன் அபி. அவ கூப்புடறத மாத்த மாட்டேன். கையெழுத்து மட்டும் இப்ப வேண்டாம். நான் வந்து போறேன்."

"எத்தன நாளைக்கு?"

பதில் தெரியவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது என்று பேசாமல் நின்றேன்.

பின்னாலிருந்து கவின் சொன்னான்: "மாடி ரூம் சும்மாத்தான் கெடக்கு சகலை. நார் மூட்டை அடுக்கியிருக்கறோம். எடுத்துரலாம்."

அபிநயா அவனைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் அபிநயாவின் மனுவைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் அலுவலகத்தில் இருந்தேன். பழைய தாள்களை எல்லாம் திரும்பப் பெறும்படி எழுதிக் கொடுத்துவிட்டு, புதிய தாளை ஆரம்பித்தேன். துண்டு. போனுக்குத் தலையாட்டல். தூங்கும் கல். அப்பளம்: இருபத்தேழு நிமிடம், குறைக்கக் கூடாது.

கடைசியில் தயிர்ச்சோறு. 'பார்த்த குழந்தை' என்ற கட்டத்தில் எழுதினேன்: 'மகதி. என் மகள். 38 மாதம். பொள்ளாச்சி.' காரணம் என்ற இடத்தில்: 'அப்பா ஊதிக் கொடுத்த பழக்கம். குழந்தைக்குக் காரணம் தெரியாது.'

பெனசீர் நின்றபடியே படித்தார். பழைய தாளில் இருந்த இரண்டு சிவப்பு வட்டத்தில் ஒன்றை அழித்தார். நட்சத்திரத்தின் மேல் இருந்ததை அப்படியே விட்டார்.

"முகிலுக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் ஹோம்லதான் இருக்கான். இந்தத் தாள் வேற யாருக்காவது உதவும். அவனுக்கு லேட்."

செருப்பு வரிசையையும் தாளில் சேர்த்தேன். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, வியாழக்கிழமை இல்லத்துக்குப் போய் அவனைப் பார்க்க அனுமதி கேட்டேன்.

பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்தது. அபிநயா. மில் ஓடும் சத்தம் கேட்டது.

"மாமா."

"சொல்லும்மா."

"சோறு போட்டேன். திங்க மாட்டேங்கறா." பெருமூச்சு விட்டாள். "'ஊதற மாமா எங்க'ன்னு கேக்கறா."

தப்பு ஒன்றும் இல்லை. நேற்றுப் பார்த்த ஆளுக்கு அவள் வைத்த பெயர் அது. முப்பத்தெட்டு மாதக் குழந்தைக்கு அது சரியான பெயர்.

"வருவேன்னு சொல்லு."

"எப்பன்னு கேப்பா."

மூன்றரை மணி என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு மூன்றரை மணி தெரியாது. நாளை தெரியாது. நேற்றுகூட இன்னும் சரியாகத் தெரியாது.

"மத்தியானம் தூங்கி எந்திரிக்கறப்ப அங்க இருப்பேன்னு சொல்லு," என்றேன்.

பெனசீர் என் பையை எடுத்து மேசை மேல் வைத்தார்.